பிவானியின் கேப்டன்

2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலகக் குத்துச்சண்டைப் போட்டியில், 80 கிலோவுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவின் இறுதிச் சண்டை கடைசி நொடிவரை இழுபறியாகப் போனது. போலந்தின் அகதா கச்மார்ஸ்காவுக்கு மூன்று நடுவர்கள், இந்தியாவின் நுபுர் ஷியோரனுக்கு இரண்டு. ஒரேயொரு நடுவர் மனசு மாறியிருந்தால் தங்கம். வெள்ளியோடு திரும்பிய நுபுரைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் அவர் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்த்தே எழுதின: ஹவா சிங்கின் பேத்தி.

ஹவா என்றால் இந்தியில் காற்று. ஆள் என்னவோ ஹெவிவெயிட்.

இன்றைய ஹரியானாவில் உள்ள உமர்வாஸ் கிராமத்தில் 1937இல் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சண்டை குஸ்திதான். மண் கொத்திப் போட்ட அகாராவில் லங்கோடு கட்டி இறங்குவது வழிவழியாக வந்த பழக்கம். கையுறை மாட்டிக்கொண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடித்து அடித்துக்கொள்ளும் வெள்ளைக்காரன் ஆட்டம், பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்களின் டிரங்குப் பெட்டியோடுதான் ஊருக்குள் வந்தது. ஹவா சிங்கும் 1956இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே குத்துச்சண்டைக்காரர் ஆனார்.

பட்டாளம் ஏன் இப்படி வீரர்களை உருவாக்கித் தள்ளியது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதாமாதம் சம்பளம், விடிவதற்கு முன்பே எழுப்பிவிட ஆள். கம்பெனிக்குள் ஜெயித்தால் பட்டாலியன், பட்டாலியனில் ஜெயித்தால் கமாண்ட் என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகலாம். ஹவா சிங் 1960இல் வெஸ்டர்ன் கமாண்ட் சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் தேசிய ஹெவிவெயிட் பட்டம். 1972 வரை தொடர்ந்து 11 தடவை அதை யாரிடமும் விடவில்லை.

சீன எல்லையில் பதற்றம் முற்றிய 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. நான்கு வருஷம் காத்திருந்து 1966இல் பாங்காக் போனார். இறுதிச் சண்டையில் எதிரே நின்றவர் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மான். இரு நாடுகளும் போர் முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தங்கத்தோடு அர்ஜுனா விருதும் அந்த வருஷமே வந்தது. 1970இல் அதே பாங்காக்கில் மறுபடியும் தங்கம். அடுத்தடுத்து இரண்டு ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டைக்காரர் அவர் ஒருவர்தான்.

இத்தனைக்கும் மேலாக அவரை நினைக்க வைப்பது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் எங்காவது காவலுக்குப் போவார்கள். இவர் ஹரியானாவின் பிவானி நகரில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ‘கேப்டன்’ என்பது பதவி என்பதைவிடப் பெயரின் முதல் பாதியாகவே ஒட்டிக்கொண்டது. நம் வடசென்னையில் ‘வாத்தியார்’ என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் அதற்கு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

குத்துச்சண்டைக்கு வருகிற பையனுக்கு முதலில் கற்றுத்தருவது குத்து அல்ல, கட்டு. நீளத் துணியின் ஒரு முனையில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் சுற்றி, விரல் முட்டிகளுக்கு மேலே கொண்டுபோய், விரல் இடுக்குகளில் நுழைத்துத் திரும்ப மணிக்கட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இறுகினால் விரல் மரத்துப்போகும். தளர்ந்தால் எலும்புக்கு ஆபத்து. சாக்ஸ் மடிப்பையும் பெல்ட் பித்தளையையும் தினமும் பரிசோதித்துப் பழகிய பட்டாளத்துக் கண்ணுக்கு இந்த வேலை தோதாக அமைந்துவிடும்.

கோயில்கள் நிறைந்திருப்பதால் பிவானியைச் ‘சின்னக் காசி’ என்பார்கள். பிறகு, குத்துச்சண்டைக்குப் பேர்போன கியூபாவை வைத்து, ‘மினி கியூபா’ என்றொரு பட்டமும் சேர்ந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டைக்காரர்களில் நான்கு பேர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் ஒருவரான விஜேந்தர் சிங்தான் இந்தியக் குத்துச்சண்டைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, ஒரு வெண்கலத்தைக் கொண்டுவந்தார். அவர்களைத் தயார் செய்த பெருமை பயிற்சியாளர் ஜகதீஷ் சிங்குக்குரியது. அதை கேப்டன் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. ஆனால் அந்த ஊரில் குத்துச்சண்டைக்கு மண் பதமாகியிருந்ததற்குக் காரணம் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

2000ஆம் ஆண்டு பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது கேப்டனுக்கு அறிவிக்கப்பட்டது. விருது நாள் ஆகஸ்ட் 29. அவர் பிவானியில் காலமானது ஆகஸ்ட் 14. பதினைந்தே நாள்.

நுபுர் அப்போது சின்னக் குழந்தை. பெண்களுக்கான முதல் உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்ததே அடுத்த வருஷம்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் ரிங்கில் ஏற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாத்தா வாழ்நாள் முழுக்கப் பார்த்த குத்துச்சண்டை ஆண்களுடையது. பேத்திக்குக் கையுறை மாட்டிவிட்டவர் நடுவில் இருந்த தலைமுறை: நுபுரின் அப்பா சஞ்சய். அவரும் குத்துச்சண்டைக்காரர். பிவானியில் அவர் நடத்தும் பயிற்சிக்கூடத்துக்கு வைத்திருப்பது தன் அப்பாவின் பெயரைத்தான்.

லிவர்பூலில் நுபுர் தோற்ற அதே போட்டியில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் ஜெய்ஸ்மின் லம்போரியா. அவரும் பிவானிப் பெண். 80 கிலோவில் வெண்கலம் வாங்கிய பூஜா ராணியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். இவர்களில் ஜெய்ஸ்மின் 2022இல் ராணுவக் காவல் படையில் சேர்ந்தார். இந்திய ராணுவம் வேலைக்கு எடுத்த முதல் பெண் குத்துச்சண்டை வீரர் அவர்.