சேஷாசலம் 2015: ஓர் ஊர் ஆவணகத்துக்கான வரைவு

2015 ஏப்ரல் 7 விடியற்காலை, திருப்பதிக்கு அருகே சந்திரகிரி மண்டலத்துச் சேஷாசலக் காட்டில், ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அனைவரும் தமிழகத்தார், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலியாட்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கியவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸ் சொன்னது. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றனர் உயிர் பிழைத்தோர். கூட்டாளிகளைவிட்டுத் தள்ளி, ஒரு பெண்ணருகே உட்கார்ந்திருந்ததால் தப்பினேன் என்றார் அவர்களில் ஒருவர்.

இறந்தவர் பெயரைக் கல்லில் பொறிக்க ஒருநாள் போதும். ஆனால் இந்த இரண்டு கூற்றுகளையும் அடுத்த தலைமுறை எடைபோட வேண்டுமானால் தாள்கள் வேண்டும். அவையோ திசைக்கொன்றாகக் கிடக்கின்றன. அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த அந்தக் காடு 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை செய்ய உத்தரவிட்டது ஐதராபாத் உயர் நீதிமன்றம். பரிசோதனை நடந்தது திருவண்ணாமலையில். 2019 முதல் ஆந்திரத்துக்கு அதிலிருந்து பிரிந்த தனி உயர் நீதிமன்றம். குடும்பத்துக்கு ஐந்து லட்சம் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் வேண்டுமென 2015 மே மாதம் பரிந்துரைத்த தேசிய மனித உரிமை ஆணையம் இருப்பது டெல்லியில்.

ஆகவே ஆவணகத்தின் முதல் வேலை, எந்தத் தாள் எங்கே, எந்த மொழியில் என்று பட்டியலிடுவது. அடுத்தது வீடுகளுக்குப் போவது. ரேஷன் அட்டை, பேருந்துச் சீட்டு, கைபேசி, இறப்புச் சான்றிதழ் என்று இருப்பதைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டிலேயே விட்டுவர வேண்டும். வாய்மொழியை அவரவர் பேச்சிலேயே பதிய வேண்டும். யார், எப்போது, எவர் முன்னிலையில் என்ற குறிப்பு இல்லாத பதிவு நாளை சாட்சியாகாது. போலீஸ் தரப்பு அறிக்கையையும் அதே பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு தரப்பை மட்டும் சேர்த்தால் அது துண்டறிக்கை.

சேர்ப்பதைவிடக் கடினம் மூடிவைப்பது. மரம் வெட்டப் போனேன் என்று ஒருவர் சொல்வதே அவர்மேல் வழக்காகலாம். அழைத்துப்போன ஏஜெண்டு அடுத்த தெருவில் இருக்கலாம். எதைத் திறக்கலாம், எதை எத்தனை ஆண்டு பூட்டிவைக்கலாம் என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும். போபாலில் 2014 இறுதியில் திறந்த விஷவாயுக் கசிவு நினைவு அருங்காட்சியகம் நல்ல முன்மாதிரி: பாதிக்கப்பட்டோரின் குரலும் அவர்கள் தந்த பொருள்களுமே அங்குக் காட்சி.

செம்மரத்தின் கதையும் இதில் சேர வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயல்பாக வளரும் மரம். 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. சீனச் சந்தை வரை நீளும் சங்கிலியில் குண்டடிபட்டது கடைசிக் கண்ணியான கூலிக்காரன். மேலே இருந்தவர்களைக் காட்டாத ஆவணகம் அவனை மட்டுமே குற்றவாளியாக நிறுத்தும்.

படிகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும்: ஒன்று தமிழகத்தின் ஜவ்வாது மலையடிவாரத்தில், மற்றொன்று திருப்பதியில். பட்டியல் தமிழிலும் தெலுங்கிலும் அமையட்டும். சுட்டவர்களும் விசாரித்தவர்களும் எழுதியது தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். இழந்தவர்கள் பேசியது தமிழில். திருப்பதியில் படிக்கும் ஒரு தெலுங்கு மாணவர் இந்தப் பெட்டியைத் திறந்து இரு தரப்பையும் ஒப்பிட முடிந்தால்தான் இது எல்லைக்கு இந்தப் பக்கத்து ஒப்பாரியாக நின்றுவிடாமல் இரு மாநிலத்துக்கும் பொதுவான வரலாறாகும்.