வெளிப்புறக் குழாய்களின் வெப்பக்காப்பு

கட்டடத்துக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் செல்லும் குழாய்களில் சூடோ குளிர்ச்சியோ வீணாகாமலிருக்கச் சுற்றப்படும் பொருளையும், அதன்மேல் போர்த்தப்படும் உறையையும் சேர்த்து வெளிப்புறக் குழாய்க் காப்பு என்பர். நீராவிக் குழாய், சூரிய வெந்நீர்க் குழாய், ஏ.சி.யின் செப்புக் குழாய், எண்ணெய்க் குழாய் எல்லாம் இதில் அடங்கும். இத்துறை நூல்களும் கடைக்காரர்களின் விலைப்பட்டியலும் உள்ளே இருக்கும் காப்புப் பொருளையே பெரிதாகப் பேசுகின்றன. வெளியில் கிடக்கும் குழாய்க்கு இது பொருந்தாது. அங்கே காப்பின் ஆயுளை முடிவு செய்வது மேலுறைதான். காப்புப் பொருள் வெப்பத்தைத் தடுப்பது பெரும்பாலும் தன் இழைகளுக்கும் நுரைக்கண்களுக்கும் நடுவே அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றைக் கொண்டுதான். அசையாத காற்றின் வெப்பங்கடத்துதிறன் ஒரு மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட், தண்ணீருக்கு 0.6, பனிக்கட்டிக்கு 2.2. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த இடம் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்பளியானாலும் நனைந்தபின் அது காப்பு அல்ல, சுமை.

பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. ஹென்றி வார்டு ஜான்ஸ் 1858-இல் நியூயார்க்கில் கல்நார்ப் பொருள்களைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். பேர்ட்சில் ஹாலி 1877-இல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் நகரில் ஒரே கொதிகலனிலிருந்து பல வீடுகளுக்கு நீராவி அனுப்பிக் காட்டியபோது, நெடுந்தூரக் குழாயில் வெப்பத்தைக் காப்பாற்றுவது தனித் தொழிலாகவே வளரத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவின் ஆம்ப்ளர் நகரில் கீஸ்பி - மேட்டிசன் நிறுவனம் பேரளவில் செய்து விற்ற ‘85 சதவீத மக்னீசியா’ நீராவிக் குழாய்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 85 பங்கு மக்னீசியம் கார்பனேட்டும் 15 பங்கு கல்நாரும் சேர்ந்த வெண்ணிற அரைவட்டத் துண்டுகள் அவை. கட்டடத்துக்குள் இருந்தவரை அவற்றில் குறையில்லை. வெளியே வந்ததும் மழைநீர் பட்டு மாவாகக் குழைந்தன. தார் ஊறிய கூரைத்தாளைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிய பிறகே அவை வெளியில் நிலைத்தன. கல்நாரின் கேட்டை இங்கே சொல்லாமல் விட முடியாது. காப்புத் தொழிலாளரின் நுரையீரல் நோய்களைப் பற்றி இர்விங் செலிகாஃப் 1964-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் அதன் செல்வாக்கு சரிந்தது. அதற்குள் கசடுக் கம்பளியும் கண்ணாடிக் கம்பளியும், ஓட்டோ பேயர் 1937-இல் கண்டறிந்த பாலியூரித்தேனிலிருந்து வந்த நுரையும், பிறகு கறுப்பு நைட்ரைல் ரப்பர் குழலும் வந்திருந்தன. பொருள்கள் மாறின, மேலே உறை வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை.

1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குறுக்குக் குழாய்வழி இதற்குத் தக்க சான்று. சுமார் 1,287 கி.மீ. நீளத்தில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தாங்கிகளின்மீது செல்கிறது. சூடான எண்ணெய் உறைநிலத்தை உருக்கிவிடும் என்பதே காரணம். அந்தப் பகுதியில் குழாயைச் சுற்றி 95 மி.மீ. கண்ணாடிக் கம்பளியும், அதன்மேல் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடும் உள்ளன. தகடு இல்லையென்றால் ஒரு பனிக்காலத்தைக்கூட அந்தக் கம்பளி தாங்கியிராது.

வெப்பநாடுகளில் மழைக்கு முன்பே வெயில் காப்பைத் தின்றுவிடுகிறது. தரையை எட்டும் புற ஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் கொண்ட நைட்ரைல் ரப்பரை ஓசோனோடு சேர்ந்து இறுக்கி வெடிக்கவைக்கிறது. சென்னையில் மாடிச் சுவரில் மாட்டிய எந்த ஏ.சி. வெளிப்பெட்டியின் பின்புறத்தையும் பார்க்கலாம். வெள்ளை நுரைக் குழல் மஞ்சளாகி, விரல் பட்டால் தூளாக உதிரும். செப்பு வெளியே தெரியும். அந்தக் குழாய் 10 டிகிரியை ஒட்டி இருக்க, ஈரமான மாதங்களில் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்பதால் குழாய் ஓயாமல் வியர்த்து வடியும். கீழே சுவரில் பாசி படரும். பசையில்லாத பி.வி.சி. நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் ஏறும்படி விட்டால் மழைநீர் உள்ளே இறங்காது. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை வாங்கி உள்ளே விடும். வேலை என்னவோ ஒன்றுதான், திசைதான் வேறு.

மூடிய நுரைக்கண் கொண்ட ரப்பருக்கு உறையே வேண்டாம் என்ற வாதம் உண்டு. மூடிய கண்கள் தண்ணீரைத்தான் தடுக்கின்றன, கதிரை அல்ல. பூச்சு அடித்தாலும் சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடி அடிக்க வேண்டும். இதைவிட வலுவான மறுப்பு, உறையே தண்ணீரைச் சிறைப்பிடித்து உள்ளிருக்கும் எஃகை அரிக்கிறது என்பது. இது உண்மை, கார்பன் எஃகில் –12 முதல் 175 டிகிரி வரை இந்த மறைவான அரிப்புக்கு இடமுண்டு, ஆலைகளுக்குப் பெருந்தலைவலியும் இதுதான். ஆனால் தண்ணீர் புகுவது தகட்டின் வழியாக அல்ல. வால்வையும் தாங்கியையும் சுற்றி வெட்டிய ஓட்டைகள், திருகு துளைத்த இடங்கள், வானம் பார்த்த மூட்டுகள் ஆகியவற்றின் வழியாகத்தான். கிடைக்குழாயில் தகட்டின் மூட்டைப் பக்கவாட்டில் வைத்து மடிப்பைக் கீழ்நோக்கி விடுவதும், சூடான குழாயில் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளை இடுவதும் இதற்கு மருந்து. குளிர்ந்த குழாயில் துளை கூடாது. ஆவித்தடுப்பில் ஊசிமுனை ஓட்டைகூட உள்ளே நீரைச் சேர்க்கும். கை சுடாமலிருப்பது மட்டுமே நோக்கமென்றால் காப்பைக் கழற்றிவிட்டுக் கம்பிக்கூண்டு மாட்டுவதே சரி.

பளபளக்கும் அலுமினியத் தகடே எங்கும் சிறந்தது என்ற எண்ணமும் தவறு. அது வெப்பத்தைக் குறைவாக உமிழ்வதால் சூடான குழாய்க்கு நல்லது. குளிர்குழாயிலோ அதே குணம் மேற்பரப்பைக் கூடுதலாகக் குளிரவைத்து வியர்வையைக் கூட்டும். அங்கே மங்கலான வண்ணம் பூசிய தகடு வேண்டும்.

இப்போது ஏரோஜெல் போர்வைகளும் புற ஊதாக் கதிரில் இறுகும் கண்ணாடியிழை உறைகளும் புழக்கத்தில் உள்ளன. இந்தியாவில் காப்பிடும் முறைக்கும் மேலுறைக்கும் ஐ.எஸ். 14164 என்ற தர நெறிமுறை இருக்கிறது.