அடுக்களையும் கல்விக்கூடமே

விருந்தோம்பலைப் பாடமாக்கிய நாடு சுவிட்சர்லாந்து. 1893ஆம் ஆண்டு ழாக் சூமி என்பார் லோசான் நகரில் விடுதித் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். உலகில் இவ்வகைப் பள்ளிகளுள் இதுவே மூத்தது. 1895இல் பாரிசு மாநகரில் லெ கோர்தோன் ப்ளூ சமையற்பள்ளி தோன்றியது. பிறநாட்டு மாணவரும் இவற்றை நாடிச் சென்றனர். அமெரிக்காவின் ஜூலியா சைல்டு 1949இல் பாரிசுப் பள்ளியில் பயின்று, பின்னர்ப் பெரும் புகழ் எய்தினார்.

கொல்லரின் மகனான எஸ்கோஃபியே பதின்மூன்றாம் வயதில் அடுக்களை புகுந்தவர். அவர் 1903இல் வெளியிட்ட சமையல் நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று.

நம் நாடோ, நாம் தொட்ட நீரையும் சோற்றையும் தீட்டென்று தள்ளியது. அப்பள்ளிகள் வினவுவது கைத்திறனையும் தூய்மையையும் மொழியறிவையுமே, குலத்தையன்று. கட்டணம் மிகுதியே, ஆதலின் உதவித்தொகை விதிகளை முன்னரே ஆராய்ந்தறிதல் நன்று. அடுக்களைப் பணியை இழிவென்று எண்ணாது, நம் இளைஞர் அதனையும் உயர்கல்வியாகக் கொள்வாராக!