சாது மிரண்டால்... பி.எம்.டபிள்யூ. எம்5 காரின் நேற்று, இன்று, நாளை

1985-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆம்ஸ்டர்டாம் நகரில் கார் கண்காட்சி. பி.எம்.டபிள்யூ. அரங்கில் ஒரு நான்கு கதவு கார் நின்று கொண்டிருந்தது. வக்கீலோ வங்கி மேலாளரோ ஆபீசுக்கு ஓட்டிப் போகும் 5 சீரிஸ் கார் மாதிரியேதான் இருந்தது. பெரிய இறக்கை கிடையாது. கண்ணைப் பறிக்கும் கோடுகள் கிடையாது. "எம்5" என்ற சின்ன எழுத்தைப் பார்த்தால்தான் வித்தியாசமே தெரியும். ஆனால் உள்ளே இருந்தது 286 குதிரைத்திறன் இன்ஜின். மணிக்கு 245 கி.மீ. வரை போகும். அன்றைய தேதியில் வரிசையாகத் தயாராகும் நான்கு கதவு கார்களில் உலகிலேயே வேகமானது இதுதான் என்று கம்பெனி சொன்னது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்களே, அதற்கு நான்கு சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் எம்5.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஏழு தலைமுறைகள் வந்துவிட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு புதிய எம்5 வரும்போதும் பழைய ரசிகர்கள் "இத்தோடு எம்5 முடிந்தது" என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது மின்சாரக் காலத்தில் அதே பேச்சு மறுபடியும் பலமாகக் கேட்கிறது. இந்தத் தடவை அது பலிக்குமா? பதில் வேண்டுமென்றால் முதலில் பழைய ஜோசியங்கள் என்ன ஆயின என்று பார்க்க வேண்டும்.

விற்காத காரின் இன்ஜின்

எம்5 ஏதோ பெரிய லட்சியத்தில் பிறந்தது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது சிக்கனத்தில் பிறந்தது!

பி.எம்.டபிள்யூ. தன் பந்தயப் பிரிவை 1972-ல் தனிக் கம்பெனியாகத் தொடங்கியது. அந்தப் பிரிவு 1978-ல் எம்1 என்ற இரண்டு இருக்கை சூப்பர் காரைக் கொண்டு வந்தது. தயாரிப்பில் லம்போர்கினி கம்பெனியுடன் செய்த ஒப்பந்தம் சரிப்படவில்லை. செலவு ஏறியது, காலம் கடந்தது. 1981-ல் தயாரிப்பு நின்றபோது மொத்தம் சுமார் 450 கார்கள்தான் தயாராகியிருந்தன. வியாபார ரீதியில் அது தோல்வி.

ஆனால் அந்தக் காரின் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு இன்ஜின் அருமையானது. அதை வீணாக்குவானேன்? கொஞ்சம் மாற்றி முதலில் எம்635சிஎஸ்ஐ காரில் வைத்தார்கள். பிறகு 5 சீரிஸ் உடலில் வைத்தார்கள். முதல் எம்5 தயார்! அதை ஊழியர்கள் பெரும்பாலும் கையாலேயே பூட்டினார்கள். மொத்தம் செய்தது சுமார் 2,200 கார்கள்.

வேறு காருக்காகச் செய்த இன்ஜினை எடுத்து வைத்ததுதான் எம்5-ன் ஆரம்பம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆறு, எட்டு, பத்து

1988-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் ஆறு சிலிண்டர்தான். முதலில் 315, பிறகு 340 குதிரைத்திறன். சுமார் 12,000 கார்கள் தயாராயின.

1998-ல் மூன்றாம் தலைமுறை. ஆறு சிலிண்டர் போய் எட்டு சிலிண்டர் வந்தது. 4.9 லிட்டர், 400 குதிரைத்திறன். கையால் பூட்டுவதும் நின்றது. டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையில் மற்ற 5 சீரிஸ் கார்களோடு அதே வரிசையில் எம்5-ம் ஓடியது. "ஆறு சிலிண்டர் இல்லாத எம்5 ஒரு எம்5-ஆ?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் 20,000-க்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. எம்5 வரிசையிலேயே சிறந்தது இதுதான் என்று இன்று பலர் சத்தியம் செய்கிறார்கள். எட்டு சிலிண்டரும் ஆறு கியர் மேனுவலும் சேர்ந்த அந்தக் காரைத்தான் இப்போது அசல் எம்5 என்கிறார்கள்!

2005-ல் நான்காம் தலைமுறை விற்பனைக்கு வந்தது. அப்போது பி.எம்.டபிள்யூ. ஃபார்முலா 1 பந்தயத்தில் வில்லியம்ஸ் அணிக்குப் பத்து சிலிண்டர் இன்ஜின் கொடுத்துக் கொண்டிருந்த காலம். சாலைக் காரிலும் பத்து சிலிண்டர் வைத்தார்கள். 5 லிட்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று. இந்த இன்ஜின் எம்5, எம்6 என்ற இரண்டு கார்களைத் தவிர வேறெந்த பி.எம்.டபிள்யூ. காரிலும் கிடையாது. ஆனால் 100 கி.மீ. ஓட, கம்பெனிக் கணக்கிலேயே 14 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடித்தது.

கணக்குப் புத்தகம் பேசிய நேரம்

2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் காருக்குக் காரு அபராதம். கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற பொது இலக்கு 2015-ல் முழுமையாக அமலுக்கு வர வேண்டும். பத்து சிலிண்டர் இன்ஜினுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் "வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்க முடியாது.

2011-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் 4.4 லிட்டர், எட்டு சிலிண்டர், இரட்டை டர்போ. 560 குதிரைத்திறன். எரிபொருள் செலவு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கம்பெனியின் மற்ற பெரிய கார்களில் ஓடிய இன்ஜின் குடும்பத்திலிருந்தே இதையும் உருவாக்கினார்கள். சில ஆயிரம் கார்களுக்காகத் தனி இன்ஜின் செய்தால் அந்தச் செலவை எத்தனை கார் மேல் ஏற்றுவது? வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கும் புரியும் கணக்கு.

டர்போ வந்ததும் இன்ஜின் சத்தம் அமுங்கிவிட்டது. அதனால் காருக்குள் ஸ்பீக்கர் வழியே இன்ஜின் சத்தத்தைக் கூட்டிக் கேட்க வைத்தார்கள். ரசிகர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டுமா? கச்சேரியில் பாடகர் நிற்க, பின்னால் கேசட் ஓடியது மாதிரி!

2017-ல் ஆறாம் தலைமுறை. 600 குதிரைத்திறன். முதன்முறையாக நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போனது. பின்சக்கர ஓட்டம்தான் எம்5-ன் உயிர் என்று நம்பியவர்கள் மறுபடியும் ஒப்பாரி வைத்தார்கள். அவர்களுக்காகவே பின்சக்கரம் மட்டும் இயங்கும் வசதியையும் கம்பெனி வைத்தது. 0-விலிருந்து 100 கி.மீ. வேகம் 3.4 விநாடியில்! முதல் எம்5-க்கு 6.5 விநாடி தேவைப்பட்டது.

ஆக, சிலிண்டர் மாறியது, டர்போ வந்தது, கியர் தானியங்கி ஆனது, நான்கு சக்கர ஓட்டம் வந்தது. ஒவ்வொன்றும் மரணச் செய்தியாகச் சொல்லப்பட்டது. ஒன்றும் எம்5-ஐக் கொல்லவில்லை.

727 குதிரை, 2,435 கிலோ

2024 ஜூனில் ஏழாம் தலைமுறை அறிமுகமானது. எட்டு சிலிண்டர் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த பிளக்-இன் ஹைபிரிட். இன்ஜின் 585, மோட்டார் 197, இரண்டும் சேர்ந்து இயங்கும்போது 727 குதிரைத்திறன். பெட்ரோலே இல்லாமல் சுமார் 67 கி.மீ. ஓடும். இந்தியாவில் 2024 நவம்பரில் அறிமுக விலை 1.99 கோடி ரூபாய். சென்னை அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இருக்கிறது, 5 சீரிஸ் கார் அங்கே பூட்டப்படுகிறது. ஆனால் எம்5 மட்டும் ஜெர்மனியிலிருந்து முழுக் காராகவே கப்பலில் வந்து இறங்குகிறது.

ஆனால் எடையைப் பாருங்கள். சுமார் 2,435 கிலோ! முந்தைய தலைமுறை சுமார் 1,855 கிலோதான். கிட்டத்தட்ட 600 கிலோ கூடிவிட்டது.

ஒரு குதிரைத்திறன் எத்தனை கிலோவை இழுக்க வேண்டும் என்று வகுத்துப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும்.

1985: 286 குதிரைத்திறன், 1,430 கிலோ. குதிரைக்கு 5.0 கிலோ.
1998: 400 குதிரைத்திறன், 1,720 கிலோ. குதிரைக்கு 4.3 கிலோ.
2005: 507 குதிரைத்திறன், 1,755 கிலோ. குதிரைக்கு 3.46 கிலோ.
2011: 560 குதிரைத்திறன், 1,870 கிலோ. குதிரைக்கு 3.34 கிலோ.
2017: 600 குதிரைத்திறன், 1,855 கிலோ. குதிரைக்கு 3.09 கிலோ.
2024: 727 குதிரைத்திறன், 2,435 கிலோ. குதிரைக்கு 3.35 கிலோ.

இந்தப் பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்த சுமை 2024-ல் முதன்முறையாக ஏறியிருக்கிறது. 127 குதிரைகளைக் கூடுதலாகக் கட்டியும் வண்டி 2011-ம் ஆண்டு நிலைக்கே திரும்பிவிட்டது. 100 கி.மீ. வேகத்துக்கு 3.5 விநாடி. அதாவது பழைய காரை விட 0.1 விநாடி மெதுவு!

ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாகச் சத்தத்தையும் சிலிண்டரையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயம் எடை மேடையில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

அடுத்து என்ன?

எம்5-ன் கடைசி சில தலைமுறைகளுக்கு நடுவே ஆறிலிருந்து ஏழு ஆண்டுகள் இடைவெளி. அதே கணக்கில் போனால் எட்டாம் தலைமுறை 2031 வாக்கில் வர வேண்டும். வந்தால் 2037 வரையாவது விற்பனையில் இருக்கும். நடுவில் இருக்கிறது 2035!

புதிய கார்கள் 2035-லிருந்து புகையே விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் இயற்றியது. 2025 டிசம்பரில் அந்த 100 சதவீத இலக்கை 90 சதவீதமாகத் தளர்த்தலாம் என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. எப்படிப் பார்த்தாலும் அடுத்த எம்5 அந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டிய கார். அதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, இன்ஜினைச் சின்னதாக்குவது. மெர்சிடிஸ் இதைச் செய்து பார்த்தது. 2022-ல் சி63 காரில் எட்டு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் ஹைபிரிட் வைத்தது. 680 குதிரைத்திறன் இருந்தும் ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. எம்5 இந்தப் பாதையில் போகாது என்று தாராளமாக ஊகிக்கலாம்.

இரண்டாவது, எட்டு சிலிண்டர் ஹைபிரிடையே தொடர்வது. சட்டம் தளர்ந்தால் இது நடக்கும். ஆனால் இன்ஜின், கியர்பெட்டி, மோட்டார், பேட்டரி என்று இரண்டு குடும்பத்தை ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றும் வேலை இது. எடை லேசில் குறையாது.

மூன்றாவது, முழு மின்சாரம். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2023-ல் வந்த ஐ5 எம்60 என்ற முழு மின்சார 5 சீரிஸ் காரின் எடை சுமார் 2,305 கிலோ. அதாவது பெரிய பேட்டரியைச் சுமக்கும் மின்சாரக் கார், ஹைபிரிட் எம்5-ஐ விட 130 கிலோ குறைவு! மின்சாரம் வந்தால் கார் கனத்துவிடும் என்று பயப்படுபவர்கள், இப்போதே அதைவிடக் கனமான காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் மின்சார உலகில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே சக்தி மலிவு. சீனாவின் ஷாவ்மி கம்பெனி 2025-ல் விற்கத் தொடங்கிய எஸ்யு7 அல்ட்ரா என்ற நான்கு கதவு காருக்கு 1,548 குதிரைத்திறன். செல்போன் செய்த கம்பெனி இவ்வளவு கொடுக்கும்போது, வேகத்தை மட்டும் காட்டி எம்5 இரண்டு கோடி ரூபாய் கேட்க முடியாது.

பழைய பெயர், புதிய பரீட்சை

பி.எம்.டபிள்யூ. தன் புதிய மின்சாரக் கார் வரிசைக்கு "நொயே கிளாஸே" என்று பெயர் வைத்திருக்கிறது. புதிய வகுப்பு என்று அர்த்தம். இந்த வரிசையில் நான்கு மோட்டார் கொண்ட மின்சார எம்3 வரும் என்றும், பெட்ரோல் எம்3-ம் கூடவே தொடரும் என்றும் கம்பெனி சொல்லியிருக்கிறது. எம்5-க்கும் இப்படி இரட்டைப் பாதைதான் அமையும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்தப் பெயர் சும்மா வைத்ததல்ல. 1959 டிசம்பரில் பி.எம்.டபிள்யூ. திவாலாகும் நிலையில் இருந்தது. விற்காத பெரிய கார்கள், லாபம் தராத குட்டிக் கார்கள், நடுவில் ஒன்றுமில்லை. டெய்ம்லர்-பென்ஸ் கம்பெனி அதை விழுங்கத் தயாராக நின்றது. ம்யூனிக் நகரில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் சிறு முதலீட்டாளர்களும் டீலர்களும் எதிர்த்தார்கள். 700 என்ற புதிய காரின் உருவாக்கச் செலவு முழுவதையும் ஒரே ஆண்டுக் கணக்கில் எழுதியிருப்பதைக் காட்டி, ஐந்தொகையையே கேள்வி கேட்டார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. விலைபேசல் காலாவதியானது. ஒரு கணக்கு ஓட்டை கம்பெனியைக் காப்பாற்றியது!

பிறகு ஹெர்பர்ட் க்வாண்ட் என்ற தொழிலதிபர் தன் முதலீட்டைக் கூட்டினார். 1961-ல் வெளிவந்த அந்த நடுத்தர நான்கு கதவு காருக்குத்தான் முதலில் நொயே கிளாஸே என்று பெயர். 5 சீரிஸ் அதன் வாரிசு. எம்5 அந்த வாரிசின் பிள்ளை.

இந்தப் பரம்பரையில் இன்ஜின் என்றைக்கும் நிரந்தரமாக இருந்ததில்லை. முதல் எம்5-ன் இன்ஜினே இரவல்தான். நிரந்தரமாக இருந்தது அமைதியான உடம்பும் அதற்குள் ஒளிந்த வேகமும். அப்படிப் பார்த்தால் சத்தமே போடாத மின்சாரக் கார் சாதுவுக்கெல்லாம் சாது. 2024 எம்5-தான் முன்பக்கம் 75 மில்லிமீட்டர் அகலமாகி, சாது மீசை முறுக்கியது போல நிற்கிறது.

ஆகவே எட்டாம் எம்5 அறிமுகமாகும் நாளில் எத்தனை சிலிண்டர், என்ன சத்தம் என்று தேடிப் பயனில்லை. முதலில் எடையைப் பார்க்க வேண்டும். 2,435 கிலோவுக்குக் கீழே இறங்கியிருந்தால் எம்5 பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதற்கும் மேலே ஏறியிருந்தால், நாற்பது ஆண்டுகளாகப் பொய்த்துவந்த ஜோசியம் அன்றைக்குப் பலித்துவிடும்.