குதிரைக்குக் காது கழன்ற கதை

நான் பி.காம். ஆசாமி. மண்பாண்டம் பற்றிய என் அறிவு பொங்கல் பானையோடு முடிந்துவிடும். வங்காளத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், பாங்குரா மாவட்டத்தின் பிரசித்தி பெற்ற நீளக்கழுத்து மண்குதிரை ஒன்றை வாங்கி, லீவில் ஊருக்குக் கொண்டுபோனேன். பொட்டலத்தைப் பிரித்தால் காது இரண்டும் வாலும் தனியாகக் கிடந்தன. "ஒரு சாமான் பார்த்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று வீட்டில் அர்ச்சனை. ஃபெவிகால் போட்டு ஒட்டி ஷோகேஸில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு கடன் இன்ஸ்பெக்‌ஷனுக்காக பாஞ்ச்முரா போனேன். பிஷ்ணுபூர் பக்கம். இந்தக் குதிரைகளின் சொந்த ஊர் அதுதான். ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது: குதிரை செய்வதென்பது பாதி பானை வனைவது, பாதி ஒட்டுவது. கால் நாலு, கழுத்து இரண்டு துண்டு, முகம் ஒன்று. எல்லாம் தனித்தனியாகச் சக்கரத்தில் எடுத்தவை, உள்ளே கூடு. அவற்றைச் சேர்த்து, மேலும் மண் வைத்து உடம்பைத் திருத்துகிறார்கள்.

சூட்சுமம் ஈரத்தில் இருக்கிறது. மண் காயும்போது சுருங்கும். கால் பாதி காய்ந்து, கழுத்து சொதசொதவென்று இருக்கும்போது ஒட்டினால், ஈரமான பக்கம் அதிகம் சுருங்கி, ஒட்டின இடத்திலேயே விரிசல் விடும். ஆகவே எல்லாத் துண்டும் ஒரே பதத்துக்கு வரவேண்டும். அப்புறம் ஒட்டும் இடத்தைக் கீறி, கரைத்த அதே மண்ணைத் தடவி, அழுத்தி, இணைப்புத் தெரியாமல் வழித்துவிடுகிறார்கள். வேறு பசை கிடையாது. மிச்ச ஈரம் ஆவியாகி வெளியேறத் துவாரம் விடவேண்டும். பிறகு வெயில் படாத அறையில் ஒரு வாரம் போல நிதானமாகக் காயவேண்டும். ஒட்டு நின்றதா இல்லையா என்பது சூளையைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

இந்தத் தலைவலி நேற்று வந்ததல்ல. 4,000 வருஷங்களுக்கு முன்பே ஹரப்பாக்காரர்கள் பெரிய தாழிகளைப் பகுதி பகுதியாகச் செய்து சேர்த்தார்கள். காயும்வரை மண் சரியாமலிருக்கச் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றின் தடம் தாழியில் அப்படியே பதிந்திருக்கிறது! நம் புதுக்கோட்டைப் பக்கத்து வேளார்கள் அய்யனார் குதிரையைக் காலிலிருந்து தொடங்கிக் கையாலேயே மேலே மேலே மண் ஏற்றிக் கட்டுவார்கள். அது தனிப்பதிவுக்கான சமாச்சாரம்.

பாங்குரா குதிரையும் நேர்த்திக்கடன் சாமான்தான். தர்ம டாகூருக்கு வேண்டிக்கொண்டு மரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். 1952-இல் அகில இந்திய கைவினை வாரியம் அமைந்து, இந்தக் குதிரை அதன் சின்னமானது. மரத்தடிக் குதிரை நகரத்து வரவேற்பறைகளுக்கு ஏறிவிட்டது. 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நான் போன வேலைக்கு வருகிறேன். எங்கள் படிவத்தில் மாதத் தவணைக்குத்தான் கட்டம் உண்டு. மழைக்காலத்தில் மண் காயாது. காயாமல் சூளை இல்லை, சூளை இல்லாமல் காசு இல்லை. "அந்த மாசங்களில் எதைக் கட்டுவது, மேனேஜர் பாபு?" என்றார் பெரியவர். அந்த மாதங்களுக்குத் தவணை தள்ளிவைக்கச் சொல்லி நோட் போட்டேன். மேலிடத்திலிருந்து 'காரணம்?' என்று ஒரு கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. ஈரம், சுருக்கம், விரிசல் என்று ஒரு பக்கம் எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். பார்க்கலாம்.

கிளம்பும்போது காது விஷயத்தைக் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். காதும் வாலும் அச்சில் தனியாகச் செய்து, உடம்பில் விட்டிருக்கும் பள்ளத்தில் செருகுவதாம். ஒட்டுவதே இல்லை! மெல்லிய காது சீக்கிரம் காயும், தடித்த கழுத்து மெதுவாகக் காயும், சேர்ந்திருந்தால் வம்புதானே என்று எனக்கே உறைத்தது. வண்டியில் போகும்போதும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த லீவில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழற்றப் பார்த்தேன். வலது காது வந்துவிட்டது. இடது காது கழுத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது :-(