கும்பினி, கம்பெனி: ஓர் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வரலாறு

கம்பெனி என்பது தமிழ்ப் பேச்சில் இன்று ஏழெட்டுப் பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல். வேலைக்குப் போகும் இடம் கம்பெனி. படம் எடுக்கும் நிறுவனம் கம்பெனி. தேர்தல் பாதுகாப்புக்கு வரும் துணை ராணுவத்தை எண்ணும் அலகும் கம்பெனி. துணைக்கு உடன் போவது 'கம்பெனி கொடுப்பது'. இதே சொல் 18ஆம் நூற்றாண்டில் 'கும்பினி' என்ற வடிவில் வழங்கியபோது அதற்கு ஏறத்தாழ ஒரே பொருள்தான் இருந்தது: கப்பலில் வந்து கோட்டை கட்டிய ஐரோப்பிய வணிகர் அமைப்பு.

சென்னையில் இச்சொல்லின் கதையைத் தொடங்கப் பொருத்தமான இடம் சிந்தாதிரிப்பேட்டை. அந்த ஊரையே கும்பினிதான் உண்டாக்கியது.

கும்பினி உண்டாக்கிய பேட்டை

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து அரசி எலிசபெத் உரிமைப் பட்டயம் அளித்தார். 1639இல் சென்னையில் இடம் பெற்று, அடுத்த ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது கம்பெனி. இங்கிருந்து அது முக்கியமாக ஏற்றியது பருத்தித் துணி. துணி போதிய அளவில் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில், 1734இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளருக்கென்று தனி ஊர் அமைக்க முடிவு செய்தார். கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் சுங்குராமச் செட்டியாரின் தோட்டம் இருந்தது. அவர் ஒரு காலத்தில் கும்பினியின் தலைமை வணிகராக இருந்து செல்வாக்கு இழந்தவர். அந்தத் தோட்டத்தில்தான் புதிய பேட்டை எழுந்தது. நூற்பவர், நெய்பவர், துணிக்கு வண்ணம் எழுதுபவர், சலவை செய்பவர், கோயிலைச் சார்ந்தவர் ஆகியோரையே அங்குக் குடியேற்றுவதென்று ஏற்பாடு. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க் காரணம்.

அங்கே தறியில் உட்கார்ந்தவருக்குக் கும்பினி என்றால் என்ன? அவர் லண்டனைப் பார்த்ததில்லை. பங்குதாரர்கள் யாரென்று அறிந்ததில்லை. இடையில் நின்ற வணிகர் கையில் முன்பணம் வாங்கி, குறித்த நீள அகலத்தில் துணி நெய்து கொடுப்பார். முன்பணம் எங்கிருந்து வருகிறதோ, துணி எங்கே போகிறதோ, அதுதான் அவருக்குக் கும்பினி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள நெசவாளரால் முடிந்தது. கும்பினி அரசாகவும் ஆன பிறகு அந்த வழியை அது அடைத்தது என்பதை வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி விரிவாகக் காட்டியிருக்கிறார். துணி வாங்க வந்தவனே ஊரை ஆளும் அதிகாரியுமானால், 'வேண்டாம்' என்று சொல்ல நெசவாளருக்கு இடமிருக்காது.

'கும்' எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதல் அசை 'கம்'. தமிழில் அது 'கும்' ஆனதேன்? சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துக்கீசியர் இருந்தனர். துறைமுகங்களின் பொது மொழியாகப் போர்த்துக்கீசியம் நெடுங்காலம் வழங்கியது. அம்மொழியில் இதற்கு இணையான சொல்லின் முதல் அசை 'கொம்' என்பதை ஒட்டி ஒலிக்கும். டச்சுக்காரர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று பின்னால் வந்த ஒவ்வொருவரும் இதன் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தனர். ஆகவே கும்பினியை ஆங்கிலத்தின் திரிபு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கரையோர மொழிகள் பலவும் உரசியதில் அமைந்த வடிவம் என்று கருத இடமுண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பில் இச்சொல் அடிக்கடி வருவது பிரெஞ்சுக் கம்பெனியைக் குறிக்கத்தான். இந்தோனேசியாவில் 'கொம்பெனி' என்றால் டச்சு ஆட்சி.

தமிழில் ஆட்சியாளரைக் குறிக்க வந்ததால் திணை விகுதியும் சேர்ந்துகொண்டது. மனு எழுதும்போது 'கும்பினியார்'. கட்டபொம்மன் கதைப்பாடல் போன்றவற்றில் எதிரியாக வரும்போது 'கும்பினியான்'. ஒரே அமைப்பு, எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து 'ஆர்' பெற்றது அல்லது 'ஆன்' பெற்றது. இங்கிலாந்திலும் அதை 'ஜான் கம்பெனி' என்று ஆள் பெயரிட்டே அழைத்தார்கள்.

1858இல் ஆட்சி விக்டோரியா அரசியிடம் போனது. 1874 ஜூன் 1 அன்று கம்பெனியே கலைக்கப்பட்டது. கும்பினி என்ற வடிவமும் பேச்சிலிருந்து மெல்ல விலகி, கதைப்பாடல்களிலும் வரலாற்று நூல்களிலும் தங்கிவிட்டது.

தலைகீழாக வந்த பொருள்கள்

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'கோம்' என்றால் உடன்; 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர்கள் தோழர்கள். அவர்களின் கூட்டு கம்பெனி. ஆங்கிலத்தில் முதலில் வந்த பொருள் தோழமை. பிறகு படைப்பிரிவு, கைவினைஞர் சங்கம், நடிகர் குழு, 16ஆம் நூற்றாண்டில் பங்குகளால் ஆன வணிக அமைப்பு, கடைசியில்தான் ஆட்சி.

தமிழில் இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழ். இங்கே ஆண்டவனாக வந்து, பிறகு முதலாளியாகி, கடைசியில் தோழனானது இச்சொல். ரொட்டியைப் பகிர்தல் என்ற பழைய பொருள், டீக்கடைக்குத் 'கம்பெனி கொடுக்க' ஒருவரைக் கூப்பிடும்போதுதான் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

நடுவில் ஒரு முக்கியமான கட்டம் நாடகம். 19ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே வந்து ஆடின. அவற்றின் பாதிப்பில் தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி போன்றவை தோன்றின. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களை நடிகர்களாகக் கொண்ட 'பாய்ஸ் கம்பெனி'கள் பெருகின. எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகியோர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் பொழுதுபோக்காக நடித்தனர். அது 'சபை'. வயிற்றுப்பாட்டுக்காக நடித்தவர்கள் இருந்தது 'கம்பெனி'. சங்கரதாஸ் சுவாமிகளின் குழு முதலான தொழில்முறைக் குழுக்களும் பலகையில் 'சபா' என்றே எழுதிக்கொண்டன. ஆனால் ஊரார் வாயில் அவையும் கம்பெனிதான். பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்கள் ஊர் ஊராகப் போய் 'கம்பெனி வீட்டில்' கூட்டாகத் தங்கி, ஒரே சமையலைப் பகிர்ந்து உண்டார்கள். இலத்தீன் வேருக்கு இவ்வளவு நெருங்கிய பயன்பாடு தமிழில் வேறில்லை. ஆனால் வறுமையால் பெற்றோர் சேர்த்துவிட்ட சிறுவர்களுக்கு அங்கே அடியும் கிடைத்தது. நினைத்தபோது விலகிப்போகவும் முடியாது. ரொட்டியைப் பகிர்ந்தவர்கள் அதிகாரத்தைப் பகிரவில்லை.

நாடகத்திலிருந்து சொல் சினிமாவுக்குத் தாவியது. நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் நடத்திய நிறுவனத்தின் பெயரே இந்தியா பிலிம் கம்பெனி.

1906 அக்டோபர்

வணிகப் பொருளில் இச்சொல்லுக்குத் தமிழ்நாட்டில் மிகக் கனமான மாதம் 1906 அக்டோபர். அம்மாதம் 16ஆம் நாள் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. கும்பினியின் ஆயுதமான பங்கு மூலதனத்தையே எடுத்துக் கும்பினியின் வாரிசுகளை எதிர்த்த முயற்சி அது. 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்றும் தமிழில் அதைக் குறிப்பிட்டனர். கம்பெனிக்குச் 'சங்கம்' என்று பெயர் வைத்ததில் ஒரு நினைப்பு இருந்தது: இது யாரோ ஒருவரின் முதல் அல்ல, நம் எல்லாருடையது.

அடுத்த வாரம், அக்டோபர் 22 அன்று, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். இந்தியர்களுக்கென்று சொந்த வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 'கம்பெனி என்றால் நம்பலாம்' என்ற நினைப்பு முறிவது அதோடு முடியவில்லை. 1990களில் 'பைனான்ஸ் கம்பெனி'கள் தமிழ்நாடெங்கும் வைப்புத் தொகை வாங்கி மூடிக்கொண்டபோது, முதலீட்டாளரைக் காக்க 1997இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் பூட்டிய கதவின் முன் நின்று சொன்னது 'கம்பெனி ஓடிப்போச்சு' என்பது. நடத்தியவன் பெயரைச் சொல்லாமல் கம்பெனி ஓடியதாகச் சொல்லும் இந்த வழக்கு, லண்டன் பங்குதாரரை அறியாத தறிக்காரரின் கும்பினியிலிருந்து அதிகம் விலகியதல்ல.

இன்றைய வழக்குகள்

தொழிற்கூடத்தைக் குறிப்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. திருப்பூரில் 'பனியன் கம்பெனி'. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்கூடத்துக்கு 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று பெயர். அங்கே கம்பெனியின் இடத்தை ஆபீஸ் பிடித்துக்கொண்டது, ஏனோ. ஆலைக்கு 'மில்' உறுதியாக நின்றுவிட்டது. 'அண்ட் கோ' என்ற சுருக்கம் கடைப் பலகையிலிருந்து இறங்கி, ஒருவருடைய கூட்டாளிகளைக் கிண்டலாகச் சொல்லவும் பயன்படுகிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் அண்ணா சாலை முனையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி இருக்கிறது. முதலில் குதிரை வண்டி கட்டியது, பின்னர் மோட்டார்த் தொழிலுக்கு வந்தது. அப்பகுதியில் பேருந்து நிறுத்தத்துக்கே அந்தப் பெயர். அருகிலுள்ள நேப்பியர் பூங்காவுக்கு இப்போது மே தினப் பூங்கா என்று பெயர். ஆற்றுக்கு அக்கரையில் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் 'கம்பெனி பார்ட்ஸா, லோக்கலா?' என்ற கேள்வி இல்லாமல் வியாபாரம் நடக்காது. இங்கே கம்பெனி பெயர்ச்சொல்கூட அல்ல, 'அசல்' என்ற பொருள்தரும் அடைமொழி.

பாடநூலிலும் சட்டத்திலும் 'நிறுவனம்', 'நிறுமம்', 'குழுமம்' என்று தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே ஒருவர் உறுப்பினராக இருக்கும் கம்பெனிக்கும் இடமளித்தது. பகிர்ந்து உண்ண எதிரில் ஆளே இல்லாத கம்பெனி.

இலங்கைத் தமிழில் முதல் அசையின் உகர ஒகர ஒலி இன்னும் சாகவில்லை. அங்கே பேச்சில் 'கொம்பனி' கேட்கலாம். கொழும்பு 2இல் உள்ள ஒரு வட்டாரத்தின் தமிழ்ப் பெயர் கொம்பனித் தெரு. சென்னையில் கும்பினி உண்டாக்கிய பேட்டை தறியின் பெயரால் நிற்க, அந்தத் தெரு கும்பினியின் பெயராலேயே நிற்கிறது.