நடுகல்லும் நீர்நிலையும்

நிலையாததை 'நீர்மேல் எழுத்து' என்பதும், நிலைத்ததைக் 'கல்மேல் எழுத்து' என்பதும் நம் வழக்கு. நீரும் கல்லும் எழுத்தும் ஒருங்கே கூடிய நினைவிடம் ஒன்று குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ளது. பூஜ் நகரை ஒட்டிய பூஜியா குன்றில், ஏறத்தாழ 470 ஏக்கர் பரப்பில் அமைந்த 'ஸ்மிருதி வனம்' அது. நினைவுக் காடு என்பது அப்பெயரின் பொருள்.

2001 ஆம் ஆண்டு ஜனவரி 26, குடியரசு நாள். காலை 8 மணி 46 நிமிடத்தில் கட்ச் நிலம் நடுங்கியது. பூஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் ஆகிய ஊர்கள் நொறுங்கின. குஜராத்தில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்ற பள்ளிச் சிறார் 185 பேரும் ஆசிரியர் 20 பேரும் இருபுறமும் சரிந்த கட்டடங்களில் புதையுண்டனர்.

இறந்தோரைக் கல்லில் நிறுத்தும் மரபு கட்ச் மக்களுக்குப் புதிதன்று. போரிலும் ஆநிரை மீட்பிலும் வீழ்ந்த வீரருக்கு அவர்கள் எடுக்கும் கல்லுக்குப் 'பாளியா' என்று பெயர். குதிரைமேல் அமர்ந்த வீரன், மேலே ஞாயிறும் திங்களும். இதுவே அதன் பொதுவான வடிவம். அதனைக் காணும் தமிழர்க்கு நம் நடுகற்கள் நினைவுக்கு வாராமல் போகா. 'சந்திராதித்தவரை' நிலைக்க என்று நம் கல்வெட்டுகள் சொல்லால் கூறியதைப் பாளியா உருவால் கூறுகிறது.

ஆயின் நடுகல்லும் பாளியாவும் பெரும்பாலும் வீரருக்கே உரியன. நிலநடுக்கத்தில் இறந்தவர் எவரையும் எதிர்த்துப் போரிட்டவர் அல்லர். அடுப்படியில் நின்ற தாய், கட்டிலில் கிடந்த முதியவர், பள்ளிக்குச் சென்ற பிள்ளை ஆகியோரே அவர்கள். வீரச் செயல் ஏதும் இன்றி, வாழ்ந்துகொண்டிருந்தபோதே மாண்ட இவர்களுக்கு எந்தக் கல்லை நடுவது? பூஜ் நினைவிடம் விடை காண வேண்டியிருந்த வினா இதுவே.

பாலகிருஷ்ண தோஷி நிறுவிய வாஸ்து சில்பா நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ராஜீவ் கட்பாலியா இதற்கு வடிவம் தந்தார். கட்ச் வறண்ட பூமி. ஆண்டில் சில நாட்களே மழை பெய்யும். பெய்த நீரும் மொட்டைக் குன்றில் நில்லாது ஓடிவிடும். ஆதலின் குன்றின் இயற்கையான ஓடைகளிலேயே ஐம்பது தடுப்பணைகள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. கம்பிவலைக்குள் கற்களை அடுக்கிய சுவர்கள் நீரைத் தடுத்து நிறுத்தி மண்ணுள் இறங்கச் செய்கின்றன. அந்நீரைக் கொண்டு மரங்கள் வளர்கின்றன. அந்நீர்நிலைகளின் சுவர்களிலேதான் இறந்தோர் 12,932 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அரசு அலுவலகத்தில் பட்டியல்களிடையே நாளைக் கழிப்பவன் நான். பட்டியலில் மனிதன் வரிசை எண்ணாகிவிடுவதை அறிவேன். அதே பட்டியல் நீர்க்கரையில் பொறிக்கப்படும்போது ஒவ்வொரு பெயரும் தனித்தனியே நிற்கிறது. செல்வர், வறியவர், இன்ன சமயத்தார் என்ற பிரிவின்றி ஒருவரை ஒருவர் அடுத்து நிற்கிறது. வருபவர் தம்மவர் பெயரைத் தேடிக் கண்டு, அதனைக் கையால் தொட்டு அழலாம். அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதைச் சிறிதாக எண்ணலாகாது.

நீரைத் தேர்ந்ததிலும் பொருத்தம் உண்டு. பூஜ் நகரின் ஹமீர்சர் ஏரி நிரம்பி வழியும் நாளில் ஊருக்கே விடுமுறை அளித்து ஏரியை வழிபடுவர். அத்தகைய மக்களுக்கு நீர் நிறைந்த குளத்தைவிட வாழ்வின் அடையாளம் வேறில்லை. நடுகல் எடுக்கும் நிலைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் 'நீர்ப்படை'யைக் கூறும். கல்லை நீராட்டுவது அது. பூஜியா குன்றில் ஒவ்வொரு மழைக்கும் இயற்கையே நீர்ப்படை செய்கிறது எனலாம்.

இந்நினைவிடம் 2022 ஆகஸ்ட் 28 அன்றுதான் திறக்கப்பட்டது. அஞ்சார்ச் சிறாரின் நினைவகமும் அதே நாளில் திறப்புற்றது. இடைப்பட்ட 21 ஆண்டுகளில், பிள்ளையின் பெயரைக் கல்லில் காணாமலே கண்மூடிய பெற்றோர் இருந்திருப்பர். இக்குறையை மறைப்பதற்கில்லை. ஸ்மிருதி வனத்தின் அருங்காட்சியகம் மீண்டெழுந்த பெருமையைச் சொல்கிறது. 2024 இல் வெர்சாய் பரிசின் சிறப்பும் அதற்குக் கிட்டியது. பெருமை வேண்டியதே. எனினும் துயரத்தை வெற்றிக் கதையாக மாற்றினால்தான் ஆறுதல் கிட்டும் என்பதில்லை. என் எண்ணத்தில், அருங்காட்சியகத்தைவிட அக்குளங்களே ஆழமாகப் பேசுகின்றன.

ஒன்று கருதத்தக்கது. கல்லை நட்டால் அது தானே நிற்கும்; குளம் அவ்வாறன்று. ஆண்டுதோறும் தூர் வாரவேண்டும், கரையைச் சீர்செய்யவேண்டும், மரத்தைக் காக்கவேண்டும். திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடுவதும் பின்னர்ப் பராமரிப்புக்கு ஆள் இல்லாது போவதும் நாம் அறியாதன அல்ல. ஆயினும் இச்சுமையிலேயே மருந்தும் உள்ளது. தந்தையின் பெயர் பொறித்த கரையில் மகன் ஒரு கூடை வண்டலை அள்ளிக் கொட்டும்போது, இறந்தவருக்குச் செய்யும் கடனும் இருப்பவருக்குச் செய்யும் உதவியும் ஒன்றாகிவிடுகின்றன. அக்கை ஓயாதவரை அங்கே நீர்மேல் எழுத்தும் அழியாது.